மென்டர் புக்கை ராத்திரியில எழுதற நாங்க, டைம்டேபிள் போடற உங்களுக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் காலேஜ் நடத்தற பிரின்ஸ்பால் ஐயா, அம்மா, ஹெச்.ஓ.டி.ங்க எல்லாருக்கும் வணக்கம். பசங்களுக்கு வழி சொல்ற டியூட்டர் வேலையைப் பத்தி (மென்டர்னு சொல்றதும் இதைத்தான்), அதுக்கு டைம்டேபிள்ல நேரம் கேட்டு இந்த லெட்டர்.

நான் ஒரு கெஸ்ட் லெக்சரர். தர்மபுரியில இருந்து அரூர் லைன்ல தினமும் பஸ் ஏறிப் போற ஆளு. எந்தக் காலேஜ்னு சொல்லல, சொன்னா அடுத்த வருஷ லிஸ்ட்ல என் பேரு இருக்குமான்னு தெரியாது, மே மாசம் சம்பளம் கிடையாதுன்னாலும் வீட்டுக்கு அரிசி வர்றது இதுலதான்.

காலேஜுக்கு கிரேடு போடற நாக் (NAAC) டீம் வர்றதுக்கு மொத நாள் ராத்திரி பத்து மணி வரைக்கும் ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து மென்டர் புக் எழுதினோம், எந்தப் பையன்கிட்ட எப்போ என்ன பேசினோம்னு குறிச்சு வெக்கற நோட்டு அது. மூணு வருஷத்துக்கானது, ஒரே ராத்திரியில. நீலப் பேனா, கருப்புப் பேனா, நடுவுல யாரோ ஒரு பச்சை, எல்லாம் ஒரே நாள்ல எழுதினதுன்னு கண்டுபிடிச்சிடக் கூடாதுல்ல. ஒரு மேடம் ஒரு பக்கத்துல டீயை லேசா சிந்தி விட்டாங்க, பழசு மாதிரி இருக்கும்னு. சிரிச்சிட்டேதான் எழுதினோம், பொய் சொல்லல. என் பேர்ல 61 பசங்க. "மாணவருக்கு ஆலோசனை வழங்கப்பட்டது, நல்ல முன்னேற்றம்" இதையே 61 வாட்டி எழுதினா கையும் வலிக்கும், கொஞ்சம் மனசும் வலிக்கும், ஆனா கை வலிதான் அன்னைக்குப் பெருசா தெரிஞ்சுது.

அந்த 61 பேர்ல ஒரு பொண்ணு சித்தேரி மலையில இருந்து வர்றது. அடுத்த மாசம் அட்டெண்டன்ஸ் லிஸ்ட் நோட்டீஸ் போர்டுல ஒட்டினாங்க, அந்தப் பொண்ணுக்கு 68 பர்சன்ட். 75 வேணும், 65க்கு மேல இருந்தா கண்டோனேஷன்னு ஒரு ஃபீஸ் கட்டி பரீட்சை எழுதலாம், இது உங்களுக்குத் தெரியாததில்ல. கூப்பிட்டு ஏம்மா லீவு போட்டேன்னு அதட்டினேன், அது ஒரு வார்த்தை பேசல. கூட வந்த பொண்ணுதான் சொல்லுச்சு, "சார் அவ ஒரு நாள் கூட லீவு இல்ல, மலை பஸ் வந்து சேர்றப்போ ஃபர்ஸ்ட் ஹவர் முடிஞ்சிடும், பாதி நாளுக்கு மேல செகண்ட் ஹவரும் போயிடும் சார்." மணிக்கணக்குல அட்டெண்டன்ஸ் போடறோம்ல, தினம் ஒண்ணு ரெண்டு ஹவர் போனா செமஸ்டர் முடிவுல என்ன ஆகும்னு கணக்குப் போட்டுப் பாருங்க. புதுமைப்பெண் திட்டத்துல வர்ற ஆயிரம் ரூபா அந்த மாசம் கண்டோனேஷனுக்குப் போச்சு. நான் ஸ்டாஃப் ரூமுக்குப் போயி மென்டர் புக்கைப் பிரிச்சுப் பாத்தேன், அந்தப் பொண்ணு பேருக்கு நேரா என் கையெழுத்துல "நல்ல முன்னேற்றம்". பச்சைப் பேனா.

இந்த லெட்டரை எழுதணும்னு தோணினது அன்னைக்குத்தான். தப்பு என்னுதுதான், அதுல மாத்துப் பேச்சு இல்ல. ஆனா 61 பசங்களை எப்போ பாக்கறது, எந்த ஹவர்ல, எந்த ரூம்ல, என்ன சொல்றதுன்னு எனக்கு இதுவரைக்கும் யாரும் சொல்லிக் குடுத்ததில்ல. கிளாஸ் எடுக்கறதுக்கு நெட், செட், பி.ஹெச்.டின்னு ஆயிரம் தகுதி கேக்கறாங்க, ஒரு பையனோட மூணு வருஷத்தைப் பாத்துக்கறதுக்கு ஒரு மணி நேர ட்ரெய்னிங் கூட இல்ல, ஜூன் மாசம் ஒரு சர்க்குலர் வரும், "கீழ்க்கண்டோர் டியூட்டர்களாக நியமிக்கப்படுகிறார்கள்", கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது.

டியூட்டர் வேலைன்னா அட்வைஸ் பண்றதுன்னு நெனச்சுக்கறாங்க. செல்போன் பாக்காத, பெத்தவங்களை நெனச்சுப் பாரு, அது வீட்லயே தாராளமா கெடைக்குது. பசங்களுக்கு வேண்டியது தகவல், அதுவும் நேரத்துக்கு.

எங்க அண்ணன் கதையைச் சொல்றேன். வீட்ல மொத டிகிரி. அவரோட டியூட்டர் நல்ல மனுஷன், "அரியர் வெக்காம பாஸ் பண்ணிடுப்பா போதும்"னு மூணு வருஷமும் சொன்னாரு, அண்ணனும் எல்லாப் பேப்பரும் நாப்பது, நாப்பத்தி ரெண்டுன்னு தாண்டிட்டாரு. வாத்தியாராகணும்னு ஆசை. பி.எட் அப்ளிகேஷன் வாங்கப் போன எடத்துலதான் தெரிஞ்சுது டிகிரியில ஓ.சி.க்கு 50, பி.சி.க்கு 45, எம்.பி.சி.க்கு 43, எஸ்.சி. எஸ்.டி.க்கு 40 பர்சன்ட் வேணும்னு. நாங்க எம்.பி.சி. அண்ணனுக்கு 42. ஒரே ஒரு பர்சன்ட். மொத வருஷமே யாராவது "பாஸ் மார்க் வேற, பி.எட் மார்க் வேற தம்பி"ன்னு ஒரு வரி சொல்லியிருந்தா அந்த ஒண்ணை எங்கயாவது பொறுக்கியிருக்க மாட்டாரா? இப்போ ஓசூர் சிப்காட்ல ஷிஃப்ட்டுக்குப் போறாரு, நல்லாத்தான் இருக்காரு, ஆனா என் பொண்ணுக்கு ஹோம்வொர்க் சொல்லிக் குடுக்க உக்காந்தா எந்திரிக்கவே மாட்டாரு. அந்த டியூட்டர் மேல கோவம் இல்லீங்க, அவருக்கும் அது தெரிஞ்சிருக்காது. கெட்டவங்களே இல்லாம ஒருத்தனோட ஆசை போயிடுச்சு பாருங்க, அதான் எனக்கு இன்னும் ஆறல.

இந்த மாதிரி எவ்வளவோ இருக்கு. பி.காம் முடிச்சா நேரா பி.எட் போக முடியாது, எம்.காம் வேணும், எகனாமிக்ஸுக்கும் அப்படித்தான், பி.காம் கிளாஸ்ல போயி எத்தனை பேருக்கு டீச்சர் ஆகணும்னு கேளுங்க, கை தூக்கறவங்கள்ல பாதிப் பேருக்கு இது தெரியாது. அப்புறம் டிகிரி பேரு விவகாரம். ஸ்டைலா ஒரு பேரு வெச்ச கோர்ஸைப் படிச்சுட்டு டி.ஆர்.பி., டி.என்.பி.எஸ்.சி. போனா இது எந்த டிகிரிக்குச் சமம், அதுக்கான அரசாணை, ஈக்விவலன்ஸ் ஜி.ஓ. எங்கன்னு கேப்பாங்க, அது தெரியாம நல்ல மார்க் வாங்கின பசங்க செக்ரட்டேரியட்டுக்கும் காலேஜுக்கும் அலையறாங்க. டிகிரிக்கு வேண்டிய 140 கிரெடிட்ல பார்ட் ஃபோர், பார்ட் ஃபைவ்னு மேஜருக்கு வெளிய சின்னச் சின்னப் பேப்பருங்க இருக்கே, அதுல ஒண்ணு விட்டுப்போச்சுன்னா மேஜர்ல எவ்வளவு வாங்கினாலும் டிகிரி வராது, அதைக் கடைசி செமஸ்டர்ல கண்டுபிடிச்சு அழுத பையனை நான் பாத்திருக்கேன். ஸ்காலர்ஷிப்புக்கு வருமானச் சான்று, ஜாதிச் சான்று எப்போ எடுக்கணும், டிசி கேட்டு வந்து நிக்கற அப்பாகிட்ட "கல்யாணம் ரெண்டு வருஷம் கழிச்சு வெச்சுக்கலாம்ங்க"ன்னு எப்படிப் பேசறது, தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்துல இருந்து வீட்ல கன்னடமும் தெலுங்கும் பேசற புள்ள பார்ட் ஒன் தமிழ்ல திணறினா என்ன வழி, இதெல்லாமே டியூட்டர் வேலைதான். நல்லா பாடம் நடத்தறவரு எல்லாம் இதுல நல்லா இருப்பாருன்னு சொல்ல முடியாது, பாடம் சுமாரா நடத்தற ஒரு மேடம் இதுல எங்க காலேஜ்லயே கில்லாடி, அவங்க டேபிள் பக்கம் எப்பவும் நாலு பசங்க நிக்கும். அந்த மேடத்துக்கு இதுவரைக்கும் ஒரு பேப்பர்ல கூட இதுக்குன்னு பாராட்டு வந்ததில்ல.

வெளிநாட்டுக் கதை சொன்னா கோவிச்சுக்காதீங்க, ஒண்ணே ஒண்ணு. அமெரிக்காவுல இதை ஒரு தனித் தொழிலாவே வெச்சிருக்காங்க. 1972லயே பர்ன்ஸ் க்ரூக்ஸ்டன்னு ஒருத்தர் மாணவனுக்கு வழி சொல்றதும் பாடம் நடத்தறதோட ஒரு வகைதான்னு எழுதிட்டாரு. 1977ல வெர்மான்ட் மாநிலத்துல பர்லிங்டன்ங்கற ஊர்ல இந்த வேலை பாக்கறவங்க கூடினாங்க, 1979ல நாகாடான்னு ஒரு சங்கமே ஆரம்பிச்சுட்டாங்க. (நம்ம நாக் வேற, இந்த நாகாடா வேற, நான் மொதல்ல குழம்பிட்டேன்.) அதோட ஆபீஸ் மன்ஹாட்டன்ல இருக்கு, நியூயார்க் மன்ஹாட்டன் இல்ல, கான்சஸ்ல அதே பேர்ல ஒரு ஊரு, அங்க இருக்கற யூனிவர்சிட்டியில. அதுல எனக்குப் புடிச்சது என்னன்னா புதுசா பொறுப்புக்கு வர நெனைக்கறவங்களை அனுபவம் உள்ளவங்களோட ஜோடி சேத்து ரெண்டு வருஷம் பழக்கறாங்க. அதாவது மாணவனுக்கு மட்டும் மென்டர் இல்ல, மென்டருக்கும் மென்டர். அங்க இருக்கற பணமும் ஆளும் இங்க இல்லதான், தனியா அட்வைசர் போஸ்ட் போடுங்கன்னு நான் கேக்கப் போறதில்ல, கேட்டா என்ன பதில் வரும்னு தெரியும். ஆனா ஜோடி சேக்கறதுக்கு என்ன செலவு? அந்த மேடத்தோட டேபிள் பக்கத்துல எனக்கு ஒரு சேர் போட்டாப் போதும்.

தலைமைன்னா நம்மூர்ல ஹெச்.ஓ.டி., அதுக்கப்புறம் பிரின்ஸ்பால், அந்த ஏணி ஒண்ணுதான். டியூட்டர் வேலைக்குத் தலைமைன்னு ஒருத்தரும் இல்ல. காலேஜ் தரத்தைப் பாக்கற ஐ.க்யூ.ஏ.சி. கமிட்டியோட கோஆர்டினேட்டர் ஃபைலைத்தான் கேக்கறாரு, மென்டர் ஒருத்தருக்கு எத்தனை மாணவர்ங்கற கணக்கு நாக்குக்குக் குடுக்கணும்ல, அதுக்கு. அந்தக் கணக்குக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு கேக்கற ஆளு யாரு? சித்தேரிப் பொண்ணு மாதிரி எத்தனை பேரு பஸ்ஸால ஃபர்ஸ்ட் ஹவர் விடறாங்கன்னு காலேஜ் முழுக்கச் சேத்துப் பாத்து, டிப்போவுக்கு ஒரு லெட்டர் போடணும்னாலும், முடியலன்னா மொத ஹவரை மாத்தி வெக்கணும்னாலும் அதுக்கு ஒரு சீனியர் வேணும். நான் டிப்போவுக்கு லெட்டர் போட்டா யாரு சார் படிப்பாங்க.

யூஜிசி 2018 விதியில அசிஸ்டென்ட் புரொபசருக்கு வாரம் 16 மணி நேரம் கிளாஸ், மொத்தம் 40 மணி நேர வேலைன்னு இருக்கு, அதுலயே யூ.ஜி. பசங்களுக்கு மென்டரிங்குக்குன்னு தினம் 2 மணி நேரம் சொல்லியிருக்காங்க. பேப்பர்ல இருக்கு. நம்ம டைம்டேபிள்ல எங்க இருக்கு?

நான் கேக்கறது கொஞ்சம்தான். ரெண்டு கிளாஸைக் குறைச்சு ஒரு சீனியரை இதுக்குப் பொறுப்பாக்குங்க, ஃபைல் பாக்கறதுக்கு இல்ல, எங்களைப் பாக்கறதுக்கு. பொம்பளைப் பசங்க நெறைய இருக்கற எடத்துல அது ஒரு மேடமா இருந்தா இன்னும் நல்லது. தர்மபுரியிலயே பெரியார் யூனிவர்சிட்டியோட பி.ஜி. சென்டர் இருக்கு, மாசம் ஒரு சனிக்கிழமை ஒரு ஹால் வாங்கிக் குடுத்தா ரெண்டு மாவட்ட டியூட்டர்களும் வந்து உக்காந்து யாருக்கு என்ன தெரியுமோ பேசிக்குவோம், பி.எட். மார்க் ஒருத்தருக்குத் தெரியும், ஈக்விவலன்ஸ் ஒருத்தருக்குத் தெரியும், டீ செலவு நாங்களே போட்டுக்கறோம். அப்புறம் அந்தப் புக்கு. அது வேண்டாம்னு சொல்லல, ஆனா வருஷத்துக்கு நாலு வாட்டி உண்மையா எழுதின நாலு வரி போதும்னு நீங்க வாயால சொல்லிடுங்க, காலியா இருக்கற பக்கத்துக்கு எங்களைத் திட்டாதீங்க.

அடுத்த செமஸ்டருக்கு டைம்டேபிள் இந்த வாரம் போடறாங்கன்னு கேள்விப்பட்டேன். எங்க டிபார்ட்மென்ட் செகண்ட் இயருக்கு புதன்கிழமை கடைசி ஹவர் "லைப்ரரி"ன்னு போட்டிருக்கும், லைப்ரரி அந்த நேரத்துக்குப் பூட்டிதான் இருக்கும், உங்களுக்கே தெரியும். அந்த ஹவரை எங்களுக்குக் குடுங்க. மலை பஸ் சாயங்காலம் நாலே காலுக்குத்தான் கிளம்புது, நான் கேட்டு வெச்சிருக்கேன், அந்தப் பொண்ணும் இருக்க முடியும்.

இப்படிக்கு,
61 பேரோட டியூட்டர்,
அரூர் பஸ்ல இருந்து