மலைக்கு அனுப்பும் முன் ஒரு நாள் எங்கள் பக்கம் வாருங்கள்: வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு வனத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கூட்டத்தில் காசிமேட்டில் ஐஸ் பெட்டி ஏற்றி இறக்குகிறவன் இருக்கிறான். மணலிப் பக்கம் டேங்கர் லாரி ஓட்டுகிறவன் இருக்கிறான். ஒரு கல்லூரி மாணவி, அவளுடைய அண்ணன், அப்புறம் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கும் நான். நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் பையைத் தூக்கிக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுவோம். எங்கள் பக்கம் தரை தட்டை. மேடு என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் கொடுங்கையூர் குப்பைமேட்டைத்தான் காட்ட வேண்டியிருக்கும். அதனாலோ என்னவோ, மலை என்றால் எங்களுக்கு ஒரு பைத்தியம்.

கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். கடினமானவை என்று நீங்கள் பிரித்து வைத்திருக்கும் பாதைகளுக்கு அனுமதி தரும் முன், போகிறவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுங்கள். அதைக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த வழிகாட்டிகளை வைத்துக் கொடுங்கள். முதல் வகுப்பை வடசென்னையில் வையுங்கள்.

இந்த யோசனை, அகத்தியர் மலை என்றும் சொல்லும் பொதிகை மலையில் வந்தது. தாமிரபரணி நம் பக்கம் இறங்கி வந்தாலும், அகத்தியர் மலை ஏற எல்லோரும் போவது கேரள வனத்துறை நடத்தும் போனக்காடு வழியில்தான். சென்ட்ரலில் திருவனந்தபுரம் மெயிலைப் பிடித்து, அங்கிருந்து விதுரா, பிறகு போனக்காடு. கைவிட்டுப் போன தேயிலைத் தோட்டத்தைத் தாண்டிச் சோதனைச் சாவடி. பையைக் கொட்டிப் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மருத்துவச் சான்றிதழ் கேட்கிறார்கள். எல்லாம் சரி. அந்தச் சான்றிதழுக்காக எங்கள் தெரு டாக்டர் நாடி பிடித்துப் பார்த்தார், பிரஷர் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். யானை எதிரில் நின்றால் என்ன செய்வாய் என்று அவர் கேட்கவில்லை. அது அவர் வேலையும் இல்லை.

முதல் நாள் அதிருமலை முகாம் வரை நடை. காடு, ஆறு, மறுபடி காடு, அப்புறம் திடீரென்று தலைக்கு மேல் ஒன்றுமில்லாத புல்வெளி. அந்தப் புல்வெளியில் ஏறிக்கொண்டிருந்தபோதுதான் எங்களுடன் வழிகாட்டியாக வந்த காணிக்காரர், அந்த மலைப் பழங்குடிக்காரர், கையைப் பின்னால் நீட்டி எங்களை நிறுத்தினார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். பாதையோரம் ஈரம் காயாத லத்தி, அதாவது யானைச் சாணம், கிடந்தது. அதை அவர் ஒரு பார்வை பார்த்ததோடு சரி. குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி விரலிடுக்கில் விட்டார். மண் எங்கள் முகத்தை நோக்கிப் பறந்தது. அதற்குப் பிறகுதான் எங்களுக்கு அந்த வாடையே உறைத்தது. மாட்டுத்தொழுவ வாடை, ஆனால் இன்னும் காரமாக.

"காத்து அங்கேருந்து நம்ம பக்கம் வருது தம்பி. அதான் அதோட வாடை நமக்குத் தெரியுது. காத்து திரும்பினா நம்ம வாடை அதுக்குத் தெரியும்" என்றார் மெல்ல.

பிறகு எங்கள் பைகளை மோந்து பார்த்தார். காசிமேட்டு நண்பன் எவர்சில்வர் டப்பாவில் கருவாட்டுத் தொக்கு கொண்டு வந்திருந்தான். அதைத் துணியில் சுற்றிப் பையின் அடியில் வைக்கச் சொன்னார். சென்ட் போட்டிருந்த இன்னொருவனைக் கடைசியில் நிற்க வைத்தார். டேங்கர் நண்பன் மாணவியின் காதருகே குனிந்து, "ஆனை வந்தா ஓடணுமா, நிக்கணுமா?" என்று கேட்டான். அவளுக்கும் தெரியவில்லை. யாருக்குமே தெரியவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது.

சரிவில் கீழே மூன்று யானைகள். ஒரு குட்டி பெரியவற்றின் கால்களுக்கு நடுவில் புகுந்து புகுந்து வந்துகொண்டிருந்தது. பெரியதில் ஒன்று காதை விரித்து எங்கள் திசையில் அப்படியே நின்றது. யானைக்குக் கண் பார்வை மட்டு, மூக்குத்தான் எல்லாம் என்று பாடத்தில் படித்திருப்போம். படித்தது வேறு, அந்தத் துதிக்கை உயர்ந்து காற்றைத் துழாவுவதை நேரில் பார்ப்பது வேறு. காணிக்காரர் எங்களை வரிசையாகப் பின்னோக்கி நடக்க வைத்தார், ஒரு பாறை மறைவு வரைக்கும். போனை எடுக்கப்போனவன் கையை அவர் தட்டிவிடவில்லை, வெறுமனே பிடித்துக்கொண்டார். கூட்டம் தன் வழியில் இறங்கிப் போகும் வரை உட்கார்ந்திருந்தோம். அப்புறம் முட்டிடிச்சான் ஏற்றம். முழங்கால் நெஞ்சில் வந்து இடிக்கும் அந்த ஏற்றத்தில் எல்லோருக்கும் மூச்சு வாங்கியது, ஆனால் ஒருவரும் பேசவில்லை.

மறுநாள்தான் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது நடந்தது. உச்சிக்குப் போகும் வழியில், காட்டுக்குள் ஓரிடத்தில், அதே மனிதர் சத்தம் போட ஆரம்பித்தார். தடியால் மரத்தைத் தட்டுகிறார், இருமுகிறார், யாரோ கூடவே வருவதைப் போல் பேசிக்கொண்டே நடக்கிறார்.

"நேத்து வாயைத் திறக்கக் கூடாதுன்னீங்க, இன்னிக்கு நீங்களே கத்துறீங்களே அண்ணே?" என்றான் காசிமேட்டான்.

அவர் தடியை நீட்டினார். குடைந்து போட்ட கரையான் புற்று, மண் புதிதாக இருந்தது. கரடி புற்றுக்குள் மூக்கை விட்டுவிட்டால் ஆள் வருவது அதற்குத் தெரியாது. கிட்டே போனபின் தெரிந்தால் பயந்துபோய் முகத்தில் அறையும். அதனால் தூரத்திலேயே நாம் வருவதைச் சொல்லிவிட வேண்டும். யானை இருக்கும் இடத்தில் அடக்கம், கரடி இருக்கும் இடத்தில் ஆர்ப்பாட்டம். எது எங்கே என்பதை லத்தியும் புற்றும் காற்றும் சொல்கின்றன. இதை அட்டையில் அச்சடித்துச் சாவடியில் தொங்கவிட்டுச் சொல்லித்தர முடியாது. கூட நடந்து, கையைப் பிடித்து நிறுத்திச் சொல்ல ஆள் வேண்டும்.

உச்சியைப் பற்றி நிறைய எழுத எனக்கு ஆசையில்லை. 1,868 மீட்டர். கடைசியில் பாறையில் கட்டிய கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். மேலே அகத்தியர் சிலை, காற்று, முன்னால் நிற்பவன் சட்டை நிறம்கூடத் தெரியாத மஞ்சு. ஏறியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், இறங்கியதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஹவுசிங் போர்டு மாடிப்படியில் இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்து நாலு மாடி ஏறுகிற பையன்கள் நாங்கள். ஏற்றம் எங்களைக் கொல்லவில்லை. இறக்கத்தில்தான் தொடை நடுங்கி, முழங்கால் பிடி விட்டு, டேங்கர் நண்பன் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினான். காலைப் பக்கவாட்டில் வைத்து, தடியை முன்னால் ஊன்றி, சின்ன அடியாக எடுத்து வைக்க அந்தக் காணிக்காரர் காட்டிக்கொடுத்தார். அதை ஊரிலேயே யாராவது காட்டியிருக்கலாம்.

உங்கள் மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில், மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அவர்களில் சென்னையிலிருந்து போனவர்கள் பலர். அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தீர்கள். 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்து, ஆன்லைனில் பதிவு செய்ய வைத்து, உள்ளூர் பழங்குடி இளைஞர்களையே வழிகாட்டிகளாக ஆக்கினீர்கள். உண்மையில் பெரிய வேலை. நாலைந்து வருடம் முன்பு ஒரு தனியார் ஏற்பாட்டாளரோடு நாங்கள் போன பயணத்தை நினைத்தால் இதன் அருமை புரியும். அந்த ஆள் தோளில் ஸ்பீக்கரை மாட்டிக் கானாப் பாட்டு அலறவிட்டபடி எங்களைக் காட்டுக்குள் கூட்டிப்போனார். எனக்குக் கானா உயிர். ஆனால் அதற்கு இடம் ராயபுரம்.

ஆனாலும் ஒரு குறை நிற்கிறது. குரங்கணியில் ஆட்கள் மாட்டிக்கொண்டது காய்ந்த புல் சரிவில். காய்ந்த சரிவில் தீ மேல்நோக்கி ஏறும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடு கொடுக்க முடியாது. புகை தெரிந்தால் எந்தப் பக்கம் நகர வேண்டும், எப்போது பையைப் போட்டுவிட வேண்டும் என்பது பாதை தொடங்கும் இடத்தில் கொடுக்கிற சில நிமிட அறிவுரையில் மண்டையில் ஏறாது. அந்த நேரத்தில் பாதிப் பேர் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருப்பார்கள், மீதிப் பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். கூட வழிகாட்டி வருகிறாரே, போதாதா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு வழிகாட்டிக்குப் பின்னால் ஒரு கூட்டமே வருகிறது. முன்னால் போகிறவர் கையை நீட்டினால் கடைசி ஆள் வரைக்கும் அதன் அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும்.

ஏன் வடசென்னை என்கிறீர்களா? காட்டுயிர் பார்க்கக் கிண்டி, வண்டலூர், பள்ளிக்கரணை என்று இருப்பதெல்லாமே எங்களுக்கு ஊரின் மறுகோடி. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் காட்டுயிரைக் கிட்டத்தில் பார்த்தது எது தெரியுமா? 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்குப் பின் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, இறகெல்லாம் கறுப்பாகிப் பறக்க முடியாமல் நின்ற கூழைக்கடாக்களை. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரத்தான் செய்கிறது. அதை வேறொரு மடலுக்கு வைத்துக்கொள்கிறேன்.

பயிற்சிக்கு இடம் தேட வேண்டியதில்லை. காலையில் எண்ணூர் கழிமுகத்தில் நின்று, காற்று பார்த்து நிற்கவும் பறவை எழும்பாமல் நெருங்கவும் சொல்லித்தரலாம். பூநாரை வரும் மாதங்களில் பழவேற்காடு இருக்கிறது. நடைக்கு, பூண்டிப் பக்கம் குடியம் குகை. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கல்லாயுதங்களைக் கண்டெடுத்த அத்திரம்பாக்கத்துக்கு அருகிலேயே இருக்கிறது. யானை கிடையாது, வெயில் உண்டு, கால் சறுக்கும் கூழாங்கல் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்து இருளர் பழங்குடியினர் பாம்பையும் தடத்தையும் படிப்பதில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். அவர்களுக்கு அன்றைய கூலியை ஒழுங்காகக் கொடுத்து ஆசிரியர்களாக அழையுங்கள். மேற்கு மலைகளிலிருந்து ஒரு யானைக்காட்டு வழிகாட்டியும் வந்தால் போதும். கட்டணம் வைத்தால் ஒரு நாள் கூலியைத் தாண்ட வேண்டாம்.

காலமும் யோசித்து வைத்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும், எங்கள் பையன்கள் சும்மா இருப்பார்கள். அந்த இரண்டு மாதத்தில் வகுப்பை வைத்துவிட்டால் அடுத்து மலைக்குக் கிளம்பும்போது ஆள் தயாராக இருப்பான்.

ஹாலுக்கு நாங்கள் பொறுப்பு. மதியச் சாப்பாடும் எங்களுடையது, கருவாட்டுத் தொக்கு நிச்சயம் உண்டு. நாள் குறிக்கும்போது ஞாயிற்றுக்கிழமையை மட்டும் விட்டுவிடுங்கள். தடைக்காலம் என்றாலும் ஃபைபர் படகு மீன் வரும், அன்றைக்குக் காசிமேட்டில் நிற்கக்கூட இடம் இருக்காது.

இப்படிக்கு,
பொதிகையிலிருந்து முழங்கால் வலியோடு திரும்பிய தண்டையார்பேட்டை நண்பர்கள் சார்பில் ஒருவன்