குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். உங்கள் அடுத்த பொதுக்குழுவில் லிஃப்ட் பராமரிப்பு, வாகன நிறுத்தம், சந்தா பாக்கி எல்லாம் பேசுவீர்கள். பேச வேண்டியவைதான். கூடவே இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன். நம் குடியிருப்புகளில் தனியாக இருப்பவர் யார், படியிறங்க முடியாதவர் யார், திடீரென்று ஏதாவது ஆகிவிட்டால் யார் வீட்டுக் கதவை யார் போய்த் தட்டுவது?

கொரோனா காலத்தில் இதற்கெல்லாம் நம்மிடம் பதில் இருந்தது. 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அடுத்த சில வாரங்களுக்குள், யாரும் உத்தரவு போடாமலே நாங்கள் ஒரு பட்டியல் தயாரித்துவிட்டோம். எங்கள் மூன்றாம் மாடியில் தனியாக இருந்த பெரியவர், காலியான மாத்திரை அட்டையைக் கதவு இடுக்கு வழியாக நீட்டிக் காட்டுவார். எதிர்வீட்டுப் பையன் எட்டி நின்று அதைப் படம் எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடுவான். அதுவரை இருவரும் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. இன்று அதே வாட்ஸ்அப் குழுவில், யாருடைய வண்டி யார் இடத்தில் நிற்கிறது என்ற சண்டைதான் ஓடுகிறது. பட்டியலைத் தயாரித்தவர் வீடு மாறிப் போய்விட்டார். அதோடு பட்டியலும் போய்விட்டது.

‘ஆபத்து வந்தால் மனிதர்கள் தானாக உதவுவார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். உதவுவார்கள், சந்தேகமே இல்லை. 1995 ஜனவரி 17 விடியற்காலை 5.46-க்கு ஜப்பானின் கோபே நகரையும் சுற்றுப்புறத்தையும் நிலநடுக்கம் உலுக்கியது. 6,400-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். பிறர் கைகொடுத்தால்தான் வெளியே வர முடியும் என்ற நிலையில் சிக்கியிருந்தவர்கள் சுமார் 35,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 27,000 பேரை அக்கம்பக்கத்தாரே மீட்டார்கள் என்பது அங்குள்ள ஆய்வாளர்களின் மதிப்பீடு. அப்புறம் ஹோகுடான் என்ற ஊர். நிலநடுக்க மையத்துக்கு வெகு அருகே, அவாஜி தீவில் இருந்த சிற்றூர் அது. அங்கே சுமார் 300 பேரை ஊர்க்காரர்களும் உள்ளூர்த் தன்னார்வத் தீயணைப்புக் குழுவினரும் அன்றைக்கே வெளியே எடுத்துவிட்டார்கள். எந்த வீட்டில் யார் எந்த அறையில் படுப்பார் என்பது அவர்களுக்கு அத்துப்படி. கூரை சரிந்து கிடந்தாலும், பாட்டி படுக்கும் மூலை எது என்று தெரிந்து நேராக அங்கே தோண்டினார்கள். நம்மில் எத்தனை பேருக்குப் பக்கத்து வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றாவது தெரியும்?

அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோவை வெப்ப அலை தாக்கியது. வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். ஜன்னலைக்கூடத் திறக்காத அறைகளில் தனியாகக் கிடந்து இறந்த முதியவர்கள் அதில் ஏராளம். அந்த நகரில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பகுதிகள், வடக்கு லான்டேல், தெற்கு லான்டேல். இரண்டிலும் ஏழைகள் அதிகம், தனியாக வாழும் முதியவர்களும் அதிகம். இருந்தும் வடக்கில் சாவு விகிதம் தெற்கைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. தெற்கில் தெருவில் கடைகளும் ஆள் நடமாட்டமும் இருந்ததால் முதியவர்கள் பயமில்லாமல் வெளியே வந்தார்கள், நாலு பேர் கண்ணில் பட்டார்கள் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள்.

இதையெல்லாம் படித்த பிறகு எனக்கு உறுத்துவது நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு குணம்தான். ‘நான் யாருக்கும் தொந்தரவு கொடுப்பதில்லை, யாரிடமும் எதற்கும் போய் நிற்பதில்லை.’ நல்ல குடித்தனக்காரருக்கு இதுதான் இலக்கணம் என்று ஆகிவிட்டது. சாதாரண நாளில் சரி. ஆனால் உதவி கேட்பதையே கூச்சமாக நினைத்துப் பழகியவர், மூச்சுத் திணறும்போதுகூடப் பக்கத்து வீட்டு மணியை அழுத்தத் தயங்குவார். ஒரு பட்டியல் இருந்தால் அவர் கேட்க வேண்டியதில்லை, நாம் போய் நிற்போம்.

பட்டியல் காகிதத்திலும் இருக்கட்டும். மின்சாரமும் நெட்வொர்க்கும் போன பிறகு கைப்பேசியில் இருந்து என்ன பயன்? பெயர் சேர்ப்பதும் சேர்க்காததும் அவரவர் விருப்பம். நோய் விவரங்கள் அந்தந்த மாடித் தளத்துக்குப் பொறுப்பானவரைத் தாண்டிப் போகக் கூடாது. வாடகைக்கு இருப்பவர்களை ‘உறுப்பினர் அல்ல’ என்று ஒதுக்காதீர்கள். காவலாளியும் துப்புரவுப் பணியாளரும் ஒரு நாள் வராவிட்டால் கட்டடம் என்ன ஆகும் என்று 2020-இல் எல்லோரும் பார்த்தோம். அப்போது கைதட்டினோம். இப்போது அவர்களுக்கு ஆபத்து என்றால் யாரைக் கூப்பிடுவது என்ற எண்ணாவது சங்கத்திடம் இருக்க வேண்டாமா?

பொதுக்குழுவில் இதற்கு அரை மணி நேரம் போதும். தளத்துக்கு ஒருவர், அவர் ஊரில் இல்லாதபோது பார்த்துக்கொள்ள இன்னொருவர் என்று பெயர் கேளுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை அவர்களே வீடு வீடாகப் போய்ப் பட்டியலைச் சரிபார்க்கட்டும். எங்கள் தளத்துக்கு என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்களைப் போல ஒரு குடியிருப்பில் வசிப்பவர்