குளம்பில் தவளையா?

ஆசிரியருக்கு,

குதிரைப் பராமரிப்பு பற்றிய கட்டுரையில் 'குளம்பின் தவளையைத் தினமும் சுத்தம் செய்யவேண்டும்' என்று படித்ததும் கொஞ்ச நேரம் விழித்தேன். தவளை எப்படிக் குளம்புக்குள் போனது? அப்புறம்தான் புரிந்தது. குளம்பின் அடியில், குதிகால் பக்கமிருந்து முன்னோக்கிக் குறுகும் ரப்பர் போன்ற முக்கோணப் பகுதிக்கு ஆங்கிலத்தில் அப்படி ஒரு பெயர். அதை அப்படியே பெயர்த்துவிட்டார்கள். அதிர்ச்சியைத் தாங்கும் பகுதி என்பதால் 'குளம்பு மெத்தை' என்றால் யாருக்கும் விளங்கும்.

'வெள்ளைக் கோடு' என்ற சொல் சரிதான், ஆனால் அது என்ன என்று கட்டுரை சொல்லவில்லை. குளம்பின் வெளிச்சுவரும் அடிப்பாகமும் சேரும் இடம் அது. பார்க்க லேசான மஞ்சளாகத்தான் இருக்கும். லாட ஆணி அந்தக் கோட்டுக்கு வெளியே, உணர்ச்சியில்லாத சுவரில்தான் இறங்கவேண்டும். உள்ளே தவறினால் குதிரை நொண்டும். ஒழுங்காக அடித்தால் வலிக்காது, நாம் நகம் வெட்டிக்கொள்வது மாதிரிதான். குளம்புச் சுவர், நகம் இரண்டுமே கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை.

லாடம் அடிப்பவரைக் 'கொல்லர்' என்று எழுதியதும் முழுக்கச் சரியில்லை. இரும்பைக் காய்ச்சி அடிப்பது அந்த வேலையில் பாதி. 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, வளர்ந்த குளம்பைச் சீவி, நடையைப் பார்த்து மறுபடி பொருத்துவது மீதிப் பாதி. 'லாடக்காரர்' என்ற நல்ல சொல் இருக்கிறதே!

ஒரு வாசகர்