ஆஸ்கஸ் என்று வந்த அறிக்கை: மகளுக்கு ஒரு கடிதம்

பாளையங்கோட்டை

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய பாப் ஸ்மியர் (கருப்பை வாய்ச் செல் பரிசோதனை) அறிக்கையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தேன். "ஒன்றும் இல்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று மருத்துவர் சொல்லி அனுப்பிவிட்டதாகவும், வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினால் எங்கு பார்த்தாலும் புற்றுநோய் என்றே வருவதாகவும் எழுதியிருந்தாய். ஒன்றும் இல்லையென்றால் ஆறு மாதத்தில் எதற்காக வரச் சொல்கிறார் என்ற உன் கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆகவே மறுபடி நேரம் வாங்கிக்கொண்டு அவரிடமே போ. போகுமுன் அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லோரும் கடைசி வரிக்குத் தாவிவிடுகிறார்கள். நான் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் என்பதால் மேலிருந்துதான் படிப்பேன். மாதிரி போதுமானதாக இருந்ததா என்று முதலில் ஒரு வரி இருக்கும். சாதாரண சிலைடு என்றால் குறைந்தது 8,000 முதல் 12,000 செல்களும், திரவத்தில் சேகரிக்கும் முறை என்றால் 5,000 செல்களும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது கணக்கு. சிலைடில் தடவியவுடனேயே ஆல்கஹாலில் போட வேண்டும்; பேச்சு சுவாரசியத்தில் சற்றுத் தாமதித்தாலும் காற்றில் உலர்ந்து, உட்கரு உப்பி, நல்ல செல்லே சந்தேகத்துக்குரியதாகத் தெரியும். இப்படி உலர்ந்துபோன சிலைடுகள் எத்தனையோ எங்கள் மேசைக்கு வந்ததுண்டு.

உன் அறிக்கையில் உள்ள ஆஸ்கஸ், கருப்பை வாயின் மேற்பரப்புச் செல்கள் சிலவற்றில் உட்கரு வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கிறது, ஆனால் காரணம் இன்னதென்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது என்பதற்கான குறிப்பு. சாதாரண அழற்சியாலும் அப்படி ஆகலாம், ஹெச்.பி.வி. என்ற வைரஸ் தொற்றாலும் ஆகலாம். புற்றுநோய் என்று அந்தத் தாள் எங்கும் சொல்லவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை. 'ஒன்றும் இல்லை' என்று முடித்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லாததற்குக் காரணம் இதுதான்.

அவரிடம் நீ முதலில் கேட்க வேண்டியது, ஹெச்.பி.வி. பரிசோதனை செய்தாயிற்றா என்பதே. உன் வயதில் ஆஸ்கஸ் வந்தால் அடுத்த படி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அதில் வைரஸ் இல்லையென்று வந்தால் அவசரமே இல்லை, இருக்கிறதென்று வந்தால் கால்போஸ்கோபி செய்து கருப்பை வாயை உருப்பெருக்கிப் பார்ப்பார்கள். இருப்பது எந்த வகை என்றும் கேட்டுக்கொள், ஏனெனில் கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு 16, 18 என்ற இரண்டு வகைகளே காரணம். அந்தப் பரிசோதனை வேண்டாம் என்று அவர் கருதினால், ஏன் வேண்டாம், ஆறு மாதம் என்ற கெடு எதை வைத்து, அதற்குள் இடையில் இரத்தக்கசிவோ உறவுக்குப் பின் இரத்தமோ கண்டால் உடனே வரவேண்டுமா என்று கேள். பதிலை அவர் எதிரிலேயே நோட்டில் எழுதிக்கொள். எழுதுகிறவளிடம் யாரும் மழுப்பிப் பேசுவதில்லை. புரியவில்லையென்றால், "நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள்" என்று திருப்பிச் சொல். வெளியே கூட்டம் காத்திருக்கிறதே என்று தயங்காதே. கட்டணம் கொடுத்துத்தானே உள்ளே போகிறாய்!

மாப்பிள்ளை உடன் வருவதாக இருந்தால் வரட்டும், நல்லதுதான். ஆனால் மருத்துவர் அவரைப் பார்த்துப் பேசத் தொடங்கினால், என்னிடம் சொல்லுங்கள் என்று நீயே குறுக்கிட்டுச் சொல்லிவிடு. ஒருவேளை ஹெச்.பி.வி. இருப்பதாக வந்தாலும், அதை வைத்து வீட்டில் ஒருவரை ஒருவர் சந்தேகிக்க வேண்டாம். இது உடலுறவால் பரவுவது உண்மைதான். ஆனால் மணவாழ்க்கையில் இருப்பவர்களில் மிகப் பலருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் வந்து, பெரும்பாலானோருக்கு ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை அகற்றிவிடுகிறது. எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. தொற்று நிலைத்து, அது புற்றுநோயாக மாறுவதற்கும் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். இடையில் கண்டுபிடித்துத் தடுக்கத்தான் இந்தப் பரிசோதனையே இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் பதில் தெளிவாக இல்லையென்றால், கோபப்படாமல் வேறொரு மகப்பேறு மருத்துவரிடம் போ. அறிக்கையின் நகலைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. நோயாளி எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தந்தாக வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002 ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. சிலைடையும் கேட்டு வாங்கி, வேறொரு நோயியல் நிபுணரிடம் காட்டலாம். இது மருத்துவரை அவமதிப்பதாகாது, எங்கள் தொழிலில் தினமும் நடப்பதுதான்.

மறுபடி மாதிரி எடுக்கச் சொன்னால், மாதவிடாய் நாட்களைத் தவிர்த்து நாள் குறித்துக்கொள். அதற்கு முந்தைய இரண்டு நாட்கள் உள்ளே வைக்கும் மருந்து, களிம்பு, உறவு எதுவும் வேண்டாம். தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதும் கூடாது. ஹெச்.பி.வி.க்கும் அதே மாதிரியிலிருந்தே பார்க்க முடியுமா என்று ஆய்வகத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள். திரவ முறையாக இருந்தால் பெரும்பாலும் முடியும், இன்னொரு தடவை படுக்கையில் ஏறும் வேலை மிச்சமாகும். மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்ததும், நோட்டில் எழுதியதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா