‘நொட்’ எங்கே வரும் என்று சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியருக்கு,

தரம் 7 படிக்கிற என் மகளின் ஆங்கிலக் கொப்பியில் ‘ஹி டிட் நொட் வென்ட்’ என்ற வசனத்துக்குக் குறுக்கே சிவப்புப் பேனையால் ஒரு கோடு, கீழே சரியான வசனம், அவ்வளவுதான், ஏன் பிழை என்று ஒரு சொல்லும் இல்லை. பிள்ளை இரவு கனநேரம் அதையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

தமிழில் ‘போகவில்லை’ என்னும்போது மறுப்பு கடைசியில் வந்து ஒட்டுகிறது, நான், அவன், அவள் யாராக இருந்தாலும் சொல் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் மறுப்புச் சொல்லான ‘நொட்’ வினைக்கு முன்னால் வரும், அதோடு டூ, டஸ், டிட் என்று ஒரு துணைவினையும் வேண்டும். இறந்தகாலத்தை ‘டிட்’ ஏற்கெனவே சொல்லிவிட்டதால் ‘வென்ட்’ திரும்பவும் ‘கோ’ ஆகிவிடுகிறது. ‘டஸ்’ வந்தால் ‘கோஸ்’ என்பதும் ‘கோ’தான். அடுப்படியில் இருந்தபடியே இரண்டு மொழி வசனத்தையும் மேலும் கீழுமாக எழுதிக் காட்டினேன், பத்து நிமிசத்தில் பிடித்துக்கொண்டாள். சரி, ‘இஸ்’, ‘கேன்’ வந்தால் என்ன செய்வது என்று பிறகு அவளே கேட்டாள். அங்கே டூ வேண்டாம், அவற்றுக்குப் பின்னால் நொட் மட்டும் போதும்.

வன்னியில் எல்லா வீட்டிலும் இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, ரியூசனுக்கு அனுப்ப எல்லாருக்கும் வசதியும் இல்லை. ஆங்கிலம் படிப்பிக்கிற ஆசிரியர்களே, பிழையை வெட்டும்போது பக்கத்தில் தமிழில் ஒரு வரி விளக்கமும் எழுதிவிடுங்கள்.

ஒரு தாய்,
மல்லாவி.