கிளை நூலக மேசைக்கும் செய்தி வந்து சேரட்டும்: மாநிலப் பொது நூலகக் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாநிலப் பொது நூலகக் கழக இயக்குநர் அவர்களுக்கும், பயிற்சி, மனிதவளப் பிரிவு அதிகாரிகளுக்கும்,

வணக்கம். இந்த மடலின் மலாய்ப் படி உங்கள் அலுவலகத்துக்குத் தனியே வருகிறது. தமிழிலும் எழுதக் காரணம் உண்டு. எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும், மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்து வேலை தேடும் பிள்ளைகளும் இதைப் படிக்க வேண்டும். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் அந்த நூலகத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் சங்கடம். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எங்களுடையது ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த பட்டணம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, சனங்கள் தாமான் எனும் குடியிருப்புகளுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் வந்துவிட்டார்கள். தோட்டத்துக்குள் இருந்தவரை பிள்ளைகளுக்குக் கோயில் திடல் இருந்தது, பக்கத்து வீட்டுப் பாட்டி இருந்தார். இப்போது பள்ளி விட்டதும், அம்மா தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து வரும்வரை, அவர்கள் உட்கார இருக்கும் இடம் கிளை நூலகம்தான். குளிர்சாதனம் உண்டு, வைஃபை உண்டு, விரட்ட ஆளில்லை. அந்த நூலகத்தை இரண்டே பேர் நடத்துகிறார்கள். ஒருவர் விடுப்பில் போனால் மற்றவர் தனியாள்.

நான் கேட்பது ஒன்றே. நூலக ஊழியர்களுக்கான பயிற்சி, பணியிடச் செய்தி, முன்னேறும் வாய்ப்பு ஆகியவை மாநிலத் தலைநகரோடு நின்றுவிடாமல் இந்த இரண்டு பேரின் மேசைவரை வர வேண்டும். வரும் பயிற்சியில் தமிழ் நூல்களைக் கையாளும் பயிற்சியும் இருக்க வேண்டும்.

தமிழ் அலமாரியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் புத்தகம் போதவில்லை என்பதே பேச்சாக இருக்கிறது. உடனே யாராவது நன்கொடை திரட்டி நாலு பெட்டி கொண்டுவந்து இறக்குவார்கள். எங்கள் நூலகத்துக்கும் அப்படி வந்தது. அந்தப் பெட்டிகளைத் திறந்து வரிசைப்படுத்த வேண்டியவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நல்ல உழைப்பாளியான மலாய்ச் சகோதரி அவர். சனிக்கிழமைக் கதைநேரத்துக்கு நான் போனால் ஒரு கட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். "சிக்கு (டீச்சர்), இது கதையா, பாடமா? சின்னப் பிள்ளைகளுக்கா, பெரியவர்களுக்கா?" அட்டைப் படத்தை வைத்து அவர் ஊகித்தது பல தடவை சரியாகவே இருக்கும். ஆனால் எல்லாவற்றின் முதுகிலும் ஒரே எண்தான் ஒட்டியிருக்கும்: 894.811. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பு முறையில் அது தமிழ் இலக்கியத்துக்கான எண். சமையல் புத்தகம் 641.5-க்குப் போக வேண்டும். சர்க்கரை நோய்க் கையேடு 616-இல் மருத்துவத்தோடு நிற்க வேண்டும். தமிழில் அச்சான ஒரே காரணத்துக்காக இரண்டும் நாவல்களுக்கு நடுவே நிற்கின்றன. சர்க்கரை நோயோடு போராடும் குடும்பங்கள் எங்கள் ஊரில் நிறைய. அந்தக் கையேட்டைத் தேடி நாவல் வரிசையில் யார் கை வைப்பார்?

இன்னொன்று. எஸ்.பி.எம்.-இல் தமிழ் இலக்கியம் எடுத்த ஐந்தாம் படிவப் பையன் ஒருவன் ஒரு நாவலைக் கேட்டு வந்தான். சகோதரி கணினியில் தேடினார். நூலாசிரியர் பெயரை அவன் தனக்குத் தெரிந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தான்; இல்லை என்று வந்தது. வேறு விதமாக எழுதினான், அதுவும் இல்லை. நான் அலமாரியில் கையால் துழாவினேன். இரண்டாம் தட்டில் இருந்தது. பதிவில் அதே பெயர் மூன்றாவது விதமாக ஏறியிருந்தது.

இதில் அந்தச் சகோதரியின் குற்றம் எதுவும் இல்லை. தமிழ்ப் பெயரை ரோமன் எழுத்தில் ஏற்றும்போது எந்த முறையைப் பின்பற்றுவது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உலகின் பெரிய நூலகங்கள் பல பின்பற்றுவது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ஒலிபெயர்ப்பு முறையை. அந்த முறையில் சகரத்துக்கு ஆங்கில நெடுங்கணக்கின் மூன்றாம் எழுத்தான C வரும். 'சுப்பிரமணியம்' என்ற பெயரை நம் பிறப்புப் பத்திரங்களில் எழுதுகிற மாதிரி S போட்டுத் தட்டித் தேடினால் அங்கே கிடைக்காது. ஆகவே ஊழியருக்கு அந்த முறையும் தெரிய வேண்டும், இந்த நாட்டுத் தமிழர் தங்கள் பெயரை எழுதும் விதங்களும் தெரிய வேண்டும். தலைப்பெழுத்து எது, அப்பா பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று பிரித்தறியவும் தெரிய வேண்டும். ஓர் அரை நாள் பாடம் போதும்.

அதைவிட நேரான வழியும் இருக்கிறது. நூலகங்கள் பயன்படுத்தும் மார்க் 21 பதிவு வடிவத்தில் மூல எழுத்தையே ஏற்றுவதற்கென்று 880 என்ற புலம் இருக்கிறது. எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் ஏற்றும் ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழுக்கு இடம் கிடைத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. தமிழ்க் கணிமையில் நம் நாடு பின்தங்கிய நாடும் அல்ல. முத்து நெடுமாறனின் தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களான முரசு அஞ்சலும் செல்லினமும் இங்கிருந்து உலகத் தமிழர் கைக்குப் போனவை. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் புலனத்தில் (வாட்ஸ்அப்) தமிழில்தான் தட்டுகிறார்கள். அந்தப் பிள்ளை நூலகக் கணினியில் தமிழில் தட்டினால் புத்தகம் வர வேண்டும். அதற்கு வேண்டியதெல்லாம், பதிவேற்றுகிறவருக்குத் தமிழ் விசைப்பலகையை இயக்கவும், தலைப்பைப் பார்த்து எழுத்தெழுத்தாகப் படியெடுக்கவும் பழக்கிவிடுவதுதான்.

எல்லா நூலையும் அவர் புதிதாகப் பதிய வேண்டும் என்றும் இல்லை. 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி இந்நாட்டில் அச்சாகும் நூல்களின் படிகள் தேசிய நூலகத்துக்குப் போகின்றன, நூலுக்கு நூல் தனியான ஐ.எஸ்.பி.என். எண்ணும் அங்கிருந்தே வழங்கப்படுகிறது. மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஒருவரின் சிறுகதைத் தொகுப்பு கைக்கு வந்தால், பின்னட்டையில் உள்ள அந்த எண்ணைக் கொண்டு ஏற்கெனவே உள்ள பதிவைத் தேடி எடுத்துக்கொள்ளலாம். இது சொன்னால் ஐந்து நிமிடத்தில் புரிகிற காரியம். சொல்ல ஆள் வேண்டும்.

பயிற்சி நடப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. தேசிய நூலகம் நடத்துகிறது, நீங்கள் நடத்துகிறீர்கள், மலேசிய நூலகர் சங்கம் கருத்தரங்கு வைக்கிறது, அரசு ஊழியருக்குப் பயிற்சி தரும் இந்தான் கழகத்தின் இணையவழிப் பாடங்களும் இருக்கின்றன. அரசு ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 7 நாள் பயிற்சி என்று பொதுச் சேவைத் துறை 2005-இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆனால் இரண்டு பேர் உள்ள கிளையிலிருந்து ஒருவர் எப்படிக் கிளம்புவார்? வகுப்பு காலை எட்டரைக்குத் தலைநகரில் என்றால், பேருந்தை நம்பி அந்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. சொந்தக் கார் இருந்தாலும் அன்று மற்றவருக்கு உடம்பு முடியாமல் போனால் கதவில் 'தூத்துப்' (மூடப்பட்டது) பலகை தொங்கும். அப்படித் தொங்கிய ஒரு பிற்பகலில், பள்ளிச் சீருடையோடு நாலைந்து பிள்ளைகள் வாசல் நடைபாதையான அஞ்சடியில் புத்தகப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கதவு மூடியிருந்தாலும் வைஃபை வெளியே கொஞ்சம் எட்டும் என்று அவர்களுக்குத் தெரியும். இதையெல்லாம் நினைத்துத்தான் அந்த ஊழியர்கள் பயிற்சிக்குப் பெயர் கொடுப்பதில்லை. ஆர்வம் இல்லாதவர்கள் என்று அவர்களைப் பற்றி யாரும் எழுதிவிட வேண்டாம்.

உங்கள் நடமாடும் நூலக வண்டி ஊர் ஊராகப் போகிறது. அதிலேயே பயிற்றுநர் ஒருவரையும் ஏற்றி அனுப்புங்கள். வண்டி நிற்கிற ஊரில், காலையில் கூட்டம் குறைந்த நேரத்தில், அந்த மேசையிலேயே, அந்தக் கணினியிலேயே பாடம் நடக்கட்டும். தலைநகருக்குப் போயே ஆக வேண்டிய பயிற்சி என்றால், ஓய்வுபெற்ற நூலக ஊழியர்களைக் கொண்டு மாற்றாள் பட்டியல் ஒன்று வைத்து, கிளை திறந்திருக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். இணையவழிப் பாடத்துக்கு வேலை நேரத்திலேயே வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி எழுத்துமூலம் கொடுத்துவிடுங்கள். இரவில் வீட்டில் சோறாக்கி முடித்துவிட்டுப் படித்துக்கொள்ளட்டும் என்று விட்டால் அது நடக்காது.

செய்தி வந்து சேரும் வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயிற்சி அறிவிப்பு தலைமையகத்திலிருந்து மாவட்ட நூலகத்துக்கும், அங்கிருந்து கிளைக்கும் வருகிறது. இடையில் ஒருவர் விடுப்பில் இருந்தாலே பதிவு முடிந்துவிடுகிறது. ஒப்பந்த ஊழியரோ புலனக் குழுவிலேயே சேர்க்கப்படுவதில்லை. எங்கள் நூலகத்தில் குறுகிய கால ஒப்பந்தத்தில் ஒரு பெண் வேலை செய்தாள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை, எஸ்.பி.எம். படித்தவள், தமிழும் மலாயும் சரளம். அவள் இருந்த காலத்தில் தமிழ் அலமாரி அலமாரியாக இருந்தது. பெரியவர்கள் வந்து நாளிதழ் படித்துவிட்டு அவளிடம் அரசாங்கப் படிவம் நிரப்பிக்கொண்டு போவார்கள். நிரந்தரப் பணியிடம் ஒன்று அறிவிக்கப்பட்டது அவளுக்குத் தெரியவந்தபோது இறுதி நாள் கடந்துவிட்டது. இப்போது பேரங்காடியில் காசாளராக இருக்கிறாள். எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அவளைப் போன்றவர்களுக்கு இந்தச் செய்தி ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். நூலக உதவியாளர் பணிக்கு எஸ்.பி.எம். போதும். முன்பு எஸ்19 என்றிருந்த அந்த நிலை, 2024 டிசம்பரில் புதிய ஊதிய முறை வந்தபின் எஸ்1 ஆனது. அதற்கு மேலே போகப் பட்டயமும் பட்டமும் வேண்டும். நூலகவியலைப் பட்டய, பட்டப் படிப்பாகப் பெரிதும் கற்பித்துவருவது மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அது பூமிபுத்ராக்களுக்கானது; அங்கே நம் பிள்ளைகளுக்கு இடமில்லை. வேறு துறையில் பட்டம் பெற்றபின் மலாயாப் பல்கலைக்கழகத்திலோ அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்திலோ நூலகவியலில் முதுகலை படிக்கலாம். தோட்டத்துப் பிள்ளைகளில் அந்தத் தூரம் போகக்கூடியவர்கள் சிலரே. மற்றவர்களுக்குப் பணியில் இருந்துகொண்டே பெறும் பயிற்சிதான் ஏணி. அந்த ஏணி எங்கே சாத்தியிருக்கிறது என்ற செய்தியே வராவிட்டால் என்ன செய்வார்கள்?

எனவே பணியிட அறிவிப்பு எதுவானாலும் அதே நாளில் எல்லாக் கிளைகளுக்கும், ஒப்பந்த ஊழியர்கள் உட்பட எல்லாருடைய கைப்பேசிக்கும் நேரே வர வேண்டும். கிளை நூலகத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட வேண்டும். தமிழ் நாளிதழ்களுக்கும், மின்னல் எஃப்எம் வானொலிக்கும், இடைநிலைப்பள்ளிகளின் வழிகாட்டி ஆசிரியர்களுக்கும் ஒரு படி போகட்டும். தமிழர் கணிசமாக வாழும் ஊர்க் கிளையில் ஆள் எடுக்கும்போது தமிழ் வாசிக்கத் தெரிவது கூடுதல் தகுதி என்று விளம்பரத்தில் ஒரு வரி சேருங்கள். சீனம் வாசிக்கத் தெரிந்தவர் தேவைப்படும் ஊரில் அதையும் எழுதுங்கள். எங்களுக்கு மட்டும் என்று நான் கேட்கவில்லை.

இவை சலுகைகள் அல்ல. உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லாவும் யுனெஸ்கோவும் சேர்ந்து 1994-இல் வெளியிட்டு 2022-இல் புதுப்பித்த பொது நூலக அறிக்கை, சிறுபான்மை மொழியினருக்கான சேவையையும் ஊழியரின் தொடர்கல்வியையும் பொது நூலகத்தின் கடமைகளில் வைக்கிறது. அந்த இஃப்லாவின் உலக மாநாடு 2018-இல் கோலாலம்பூரில் கூடியது. 2020-இல் அதே நகரம் யுனெஸ்கோவின் உலகப் புத்தகத் தலைநகராக இருந்தது. 2021 முதல் 2030 வரை தேசிய வாசிப்புப் பத்தாண்டு என்று அரசாங்கமே அறிவித்திருக்கிறது. அந்தப் பத்தாண்டில் பாதி ஓடிவிட்டது. மீதிக் காலத்தில் எங்கள் ஊர் மேசைக்கும் ஏதாவது வந்து சேர வேண்டும்.

தமிழ்ப் பாடத்தை நடத்த ஆள் எங்கே என்று கேட்பீர்கள். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை 1956 முதல் இருக்கிறது. தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் தமிழாசிரியர்களை உருவாக்குகிறது. அவ்வளவு தூரம் போக மனமில்லாவிட்டால் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இருக்கிறோம். தமிழ் பேசாத ஊழியருக்கு எழுத்துகளை அடையாளம் காணவும், 'சிறுகதை', 'நாவல்', 'கவிதை', 'சமையல்', 'மருத்துவம்' போன்ற நூறு சொற்களை அட்டையில் படிக்கவும் கற்றுத் தர இரண்டு நாள் போதும். ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த எங்களுக்கு அது பெரிய வேலை அல்ல. அந்த மலாய்ச் சகோதரி அகரத்தையும் ககரத்தையும் இப்போதே கண்டுபிடித்துவிடுகிறார். அவரே கேட்டுக் கற்றுக்கொண்டது.

அடுத்த பள்ளி விடுமுறையில் முதல் வகுப்பை எங்கள் வட்டாரத்திலேயே வைத்துக்கொள்ளலாம். தமிழ்ப்பள்ளி மண்டபத்தைக் கேட்டுப் பெறுவதையும், சாப்பாட்டு ஏற்பாட்டையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் பேசி நான் பார்த்துக்கொள்கிறேன். எழுத்துப் பாடத்தை ஊதியம் இல்லாமல் நடத்தித் தருகிறேன். பக்கத்து மாவட்டக் கிளைகளிலிருந்தும் ஊழியர்கள் வரட்டும். நீங்கள் செய்ய வேண்டியது அவர்களுக்கு அந்த இரண்டு நாளைப் பணிநாளாகக் கணக்கிட்டு, அவர்கள் மேசையில் மாற்றாள் ஒருவரை உட்கார வைப்பது. என் முகவரியும் தொலைபேசி எண்ணும் மலாய்ப் படியில் இருக்கின்றன. விடுமுறைக்கு ஒரு மாதம் முன்பாகப் பதில் வந்தால் ஏற்பாடுகளைத் தொடங்கிவிடுவேன்.

இப்படிக்கு,
தோட்டப் பட்டணத்து ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை