ஒரு வாரத்துக்கு ஒரு கவிதை போதும்

அன்புள்ள மகளுக்கு,

கவிதை படிக்க ஆசையாக இருக்கிறது, ஆனால் பத்துப் பக்கம் புரட்டியும் ஒன்றும் மனதில் நிற்காமல் மூடிவைத்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். பத்துப் பக்கம் எதற்கு, கண்ணு? ஒரு வாரத்துக்கு ஒரு கவிதை போதும். நாவல் மாதிரி ஒரே மூச்சில் படித்துத் தள்ளினால் எந்தக் கவிஞரும் மனதில் தங்கமாட்டார்.

முதலில் அதைச் சத்தமாகப் படி. பொருள் பிடிபடாவிட்டாலும் பரவாயில்லை, எங்கே மூச்சு வாங்குகிறது, எந்தச் சொல்லில் குரல் தானாக அழுந்துகிறது என்று வாய்க்குத் தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் நம்மைப் பதவுரை எழுதத்தான் பழக்கினார்கள், அதனால் கவிதையைப் பார்த்ததும் ‘இதற்கு என்ன பொருள்’ என்ற கேள்விதான் முந்திக்கொண்டு வருகிறது. அதை விட்டுவிட்டு, யார் பேசுகிறார்கள், யாரிடம், என்ன நிலைமையில் என்று கேட்டுப்பார். சங்க அகப்பாடல்களோடு தலைவி கூற்று, தோழி கூற்று என்று ஒரு குறிப்பு வருகிறதே, அதை ஒருபோதும் தாண்டிப் போகாதே.

குறுந்தொகையில் கபிலர் பாடிய 25ஆம் பாட்டை எடுத்துக்கொள். ஐந்தே அடி. கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது, தலைவி தோழியிடம் சொல்கிறாள்: தலைவன் என்னோடு சேர்ந்த அன்றைக்கு அங்கே யாருமில்லை, அந்தக் கள்வன் மட்டும்தான், அவனே பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? பாட்டு இதோடு முடிந்திருந்தால் வெறும் புலம்பல். ஆனால் அவளுக்கு இன்னொன்று ஞாபகம் வருகிறது. தினைத்தாள் போன்ற சின்னப் பசிய கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகப் பார்த்துக்கொண்டு ஒரு குருகும் இருந்தது என்கிறாள். சாட்சிக்கு இருந்தது ஒரு பறவை, அதுவும் மீன்மேலேயே கண்ணாக இருந்த பறவை! அவள் எவ்வளவு தனியாக நிற்கிறாள் என்று கபிலர் எங்கேயும் சொல்லவில்லை. அந்தக் கால்களைக்கூட மறக்காத அளவுக்கு அந்த நாள் அவளுக்குள் பதிந்திருக்கிறது என்பதையும் சொல்லவில்லை, எனக்கு என்னவோ இந்த இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது.

உரை பார்க்க வெட்கப்படாதே. மூலம், பிறகு உரை, மறுபடி மூலம். உ.வே.சா. 1937இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பில் பதவுரையோடு விளக்கமும் உண்டு, நிதானமாகப் பார்க்கலாம். உரையோடு நிறுத்திக்கொண்டால்தான் நஷ்டம், பாட்டு போய் அதைப் பற்றிய தகவல் மட்டும் கையில் மிஞ்சும்.

அப்புறம் புதுக்கவிதை. சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ பத்திரிகை அதற்குப் பெரிய களமாக இருந்தது. அங்கே பெரும்பாலும் யாப்பின் ஓசை உன்னை இழுத்துக்கொண்டு போகாது, ஆகவே வரி எங்கே உடைகிறது என்று கவனி. எல்லா வரிகளையும் சேர்த்து உரைநடையாக ஒருமுறை எழுதிப்பார். ஒன்றுமே குறையவில்லை என்றால் அந்தக் கவிதையை விட்டுவிடு, குறை உன்னுடையது இல்லை.

பெரிய பெயர் என்பதற்காக எதையும் பிடித்ததாகச் சொல்ல வேண்டாம். அடுத்த முறை பேசும்போது பிடித்தது ஒன்று, பிடிக்காதது ஒன்று எடுத்து வை. இரண்டையும் நீ சத்தமாகப் படி, நான் கேட்கிறேன்.

அன்புடன்,
அம்மா